வலியறிதல்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் ஒருவன் மோட்டார் வண்டியின் கியரைப் பற்றி எழுதப் புகுந்தால், நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர் பலர் நகைப்பர் என்பதை யான் அறியாதவன் அல்லன். யாப்பும் அணியும் பற்றி எழுத வேண்டியவனுக்கு எந்திரத்தோடு என்ன உறவு என்று என் வகுப்புத் தோழரே வினவினர். அவர்க்கு யான் கூறிய விடை ஒன்றே. ஒரு சொல்லின் பொருளைத் தவறாக உணர்ந்தமையால் எந்தை ஏறத்தாழ நான்கு திங்கள் கள்வர் என்னும் பழியைச் சுமந்தார். சொல்லும் பொருளும் பற்றிய செய்தி எதுவாயினும் அது தமிழ் மாணவனுக்கு உரியதே யன்றோ? ஆதலின் நடந்ததை நடந்தவாறே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் தேன்கனிக்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேல்கோடியில், கருநாடக எல்லைக்கு அணித்தாக உள்ளது. 2004-ஆம் ஆண்டு வரை இப்பகுதி தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பேட்டராய சுவாமி கோயிலால் பெயர் பெற்ற எம்மூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காய் விற்கும் மூதாட்டி ஒரே மூச்சில் மும்மொழியிலும் பேரம் பேசுவாள். கேழ்வரகு விளையும் செம்மண் நிலமும், குளிர்ந்த காற்றும், தெற்கே யானைகள் உலவும் காடும் எங்கள் செல்வம். வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் ஓசூர். ஆங்கு 1980-இல் அசோக் லேலண்டின் தொழிற்சாலை எழுந்தது, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழில்களும் அவ்வூரில் வேரூன்றின. ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் வண்டி செய்பவர், வண்டி ஓட்டுபவர், வண்டிக்கு உறுப்புச் செய்பவர் என்போர் இல்லாத வீடு அரிது.

எந்தை வண்டி ஓட்டுபவர். என் இளமையில் அவர் லாரி ஓட்டினார். ஓசூரினின்று சரக்கேற்றிக்கொண்டு சகலேசுபுரம் வழியாகச் சிராடிக் கணவாயில் இறங்கி மங்களூர் சேர்வதும், தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் செல்வதும் அவரது வாழ்வாக இருந்தன. கியர் மாற்றும் நேரத்தை அவர் மானியைப் பார்த்து அறிவதில்லை. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அறிவார். உடன் செல்லும் நாள்களில், “தம்பி, வண்டி மூச்சு வாங்குகிறது கேள், இப்போது கீழே போட வேண்டும்,” என்று சொல்லிக் கியரை ஒரு படி இறக்குவார். சரக்கேற்றிய லாரி அடுத்த கணமே நிமிர்ந்து மேடேறும். முதுகெலும்பில் நோய் கண்ட பின்னர் லாரியை விட்டு, எம்மூரில் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டும் பணியில் அமர்ந்தார்.

2024-ஆம் ஆண்டு அம்முதலாளி பழைய காரை விற்று, தானியங்கிக் கியர் பொருந்திய பெரிய கார் ஒன்றை வாங்கினார். அதில் கிளச்சு மிதி இல்லை. கியர்த் தண்டின் அருகே இரண்டு சிறு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ‘ஈக்கோ’ என்றும் மற்றதில் ‘பவர்’ என்றும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. வண்டியை ஒப்படைக்க வந்தவன் அரைமணி நேரம் ஏதோ விளக்கிச் சென்றான். எந்தைக்கு விளங்கியது பாதி. விளங்காததைக் கேட்க நாணியது பாதி. முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவர் மீசை முளைக்காத பையனிடம், ‘இஃது என்ன?’ என்று எங்ஙனம் கேட்பார்? ‘பவர்’ என்றால் வலிமை, வலிமை நல்லது, இதுவே அவர் தாமாகச் செய்துகொண்ட முடிபு. நாள்தோறும் காலையில் இருக்கையில் அமர்ந்ததும் அப்பொத்தானை அழுத்திவிட்டே புறப்பட்டார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யான் வீடு சேர்ந்தபோது எந்தையின் முகம் வாடியிருந்தது. அன்னையை வினவினேன். முதலில் மறைத்தார், பின் அடுப்படியில் மெல்லிய குரலில் கூறினார். டீசல் கணக்குப் பார்த்த முதலாளி, தம் உறவினர் ஒருவரது அதே வகை வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுவதாகவும், தம் வண்டி 10 கூட ஓடவில்லை என்றும் கண்டு, பலர் முன்னிலையில், “என்னப்பா, டீசலை வண்டி குடிக்கிறதா, நீ குடிக்கிறாயா?” என்று கேட்டுவிட்டாராம். எந்தை ஒரு சொல்லும் மறுமொழி கூறாது வந்துவிட்டாராம். அன்று முதல் இரவுணவு சரியாகக் கொள்வதில்லை என்றார் அன்னை.

இனி யான் எழுதப்போவது எனக்கு நாணம் தருவது. எனினும் மறைத்தல் முறையன்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்னைக்குப் புதுப்புடவை வந்திருந்தது. எனக்கும், யான் நெடுநாள் விரும்பிய சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றின் தொகுதிகள் முழுமையும் எந்தை வாங்கி வைத்திருந்தார். அவற்றின் விலையை யான் அறிவேன். இப்பணம் எங்கிருந்து வந்தது என்று என் நெஞ்சு கேட்டது. கேட்ட அக்கணமே அதனை அடக்க முயன்றேன், அடங்கவில்லை. தந்தையின் கையால் வந்த நூலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தந்தையை ஐயுற்றேன். மறுநாள் காலை அன்னை தாமாகவே, “சீட்டு எடுத்தோம், அதில்தான் உனக்குப் புத்தகம் வாங்கினார்,” என்றார். என் முகத்தைக் கண்டு சொன்னாரோ, இயல்பாகச் சொன்னாரோ, இன்றும் யான் கேட்டறியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அஞ்செட்டியில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த முதலாளியின் தாயாரை அழைத்துவரும்படி எந்தைக்குக் கட்டளை வந்தது. முதலாளியின் இசைவு பெற்று யானும் துணைக்குச் சென்றேன். தேன்கனிக்கோட்டையினின்று அஞ்செட்டிக்குச் செல்லும் வழி காட்டினூடே வளைந்து வளைந்து இறங்குவது. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என அறிவிக்கப்பட்ட காட்டுப்பகுதியை ஒட்டியது அது. இறக்கம் தொடங்கியதும் எந்தையின் இடக்கை தண்டைத் தொட்டது. வண்டியின் ஓசை சட்டென்று அடங்கியது. பிறகு ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினார். நான்காம் வளைவு தாண்டியதும் கருகிய நாற்றம் ஒன்று எழுந்தது. எந்தை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிச் சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்து வெடுக்கென மீட்டார்.

“அப்பா, என்ன ஆயிற்று?” என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “நியூட்ரலில் விட்டேன், தம்பி. டீசல் மிச்சமாகும் என்று பார்த்தேன். தொப்பூரில் இந்த வேலை செய்தவர்களை எத்தனை முறை வைதிருப்பேன்! இன்று நானே செய்தேன்,” என்றார். அவர் கை நடுங்கியது.

தொப்பூர்க் கணவாயில் விபத்துகள் மிகுதி. சரக்கு லாரிகளை எரிபொருள் மிச்சம் கருதி நியூட்ரலில் விட்டு இறக்குவது அவற்றிற்கு ஒரு பெருங்காரணம் என்பது அவ்வழியில் செல்வோர் யாவரும் அறிந்ததே. கியரில் இருக்கும் வண்டியை இறக்கத்தில் எந்திரமே பின்னின்று பிடித்திழுக்கும். நியூட்ரலில் அப்பிடி அறுந்து, முழுப்பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடியிழக்கும். இதனை எந்தையினும் நன்கறிந்தார் எம்மூரில் இலர். அறிந்தவரையும் ஒரு பழிச்சொல் அறியாதவர் செய்யும் செயலைச் செய்வித்தது. அந்தோ! அவ்வளைவில், சாலையோரத்துப் பாறைமேல் அமர்ந்து பிரேக் குளிரும்வரை காத்திருந்தபோதுதான், இவ்வழக்கின் உண்மையைக் கண்டே தீர்வது என்று யான் உறுதி கொண்டேன்.

வண்டியின் முன்னறையில் கைந்நூல் ஒன்று பிரிக்கப்படாத உறையோடு கிடந்தது. அஃது ஆங்கிலத்தில் இருந்தமையால் எந்தை அதனைத் தொடவில்லை. இரவல் கேட்டு வாங்கி மூன்றிரவு படித்தேன். ஓசூரில் ஐ.டி.ஐ. பயிலும் என் தாய்மாமன் மகன் தன் பாடநூலையும் தந்து உதவினான். யான் அறிந்துகொண்டதை இயன்றவரை எளிய தமிழில் கூறுகிறேன்.

தானியங்கிக் கியரின் தலைவாயிலில் இருப்பது முறுக்கு மாற்றி. கிளச்சு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் நிறைந்த ஒரு கூடு இருக்கும். அதனுள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டு அதன் எதிரே சுழலாத மற்றொரு விசிறியை வைத்தால், காற்றின் வேகத்தால் இரண்டாவதும் சுழலத் தொடங்கும் அன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று கொள்க. எந்திரம் முதல் விசிறியைச் சுழற்றும். எண்ணெயின் வேகம் இரண்டாவதைச் சுழற்றும். அது கியர்ப்பெட்டிக்கு விசையைக் கொடுக்கும். இடையே உள்ள மூன்றாவது சிறு சக்கரம், திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி விசையைப் பெருக்கித் தரும். இத்தகைய பாய்ம இணைப்புக்கு 1905-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் காப்புரிமை பெற்றார். அவர் கருதியது கப்பலுக்காக. ஓட்டுபவர் கியர் மாற்றவே தேவையற்ற பெட்டியைப் பேரளவில் செய்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். ‘ஹைட்ரா-மாட்டிக்’ எனப்பட்ட அது, 1940-ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தப்பட்டு 1939-இல் வெளிவந்தது.

முறுக்கு மாற்றிக்கு அப்பால் இருப்பன கோள் சக்கரங்கள். நடுவே ஞாயிறு போல ஒரு பற்சக்கரம். அதனைச் சுற்றிக் கோள்கள் போலச் சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து வெளியே ஒரு வளையச் சக்கரம். இம்மூன்றனுள் எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகமும் விசையும் மாறும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் சிறு கிளச்சுகளின் வேலை. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று ஆணையிடுவது இன்றைய வண்டிகளில் ஒரு கணிப்பொறி. ஓட்டுபவர் விசைமிதியை எவ்வளவு அழுத்தினார், வண்டி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்னும் இரண்டையும் அது முதன்மையாகப் பார்க்கும். தன்னுள் எழுதிவைக்கப்பட்ட ஓர் அட்டவணையோடு ஒப்பிடும். ‘இவ்வளவு மிதி, இவ்வளவு வேகம், ஆகவே நான்காம் கியர்’ என்று முடிவு செய்யும்.

நம் பொத்தான் செய்வது யாதெனின், அவ்வட்டவணையை மாற்றுவதே. சாதாரண நிலையில் கணிப்பொறி சிக்கனம் நாடும். விரைந்து மேற்கியருக்குச் சென்று எந்திரத்தை மெல்லச் சுழலவிடும். ‘பவர்’ நிலையில் மேற்கியருக்குச் செல்லத் தயங்கும். கீழ்க்கியருக்கு முந்தி இறங்கும். சிறிது மிதித்தாலும் மிகுதியாக மிதித்தாற் போல எந்திரம் விடையிறுக்கும். எந்திரத்தின் உச்ச வலிமை ஓர் இம்மியும் கூடுவதில்லை! இருக்கும் வலிமை கைக்கெட்டும் தொலைவுக்கு வருகிறது, அவ்வளவே. 2016-இல் இந்தியாவில் வெளிவந்த இன்னோவா கிறிஸ்டா என்னும் வண்டியிலும் இவ்விரு நிலைகள் இருந்தன. பொத்தானை அழுத்தியதால் அதன் 2755 கன சென்டிமீட்டர் எந்திரம் பெரிதாகிவிடுமா? ஆகாது.

ஆயினும் மேடேறும்போது வண்டி வலுப்பெற்றது போலத் தோன்றுவதேன்? ஈண்டுதான் சொல்லின் இடர்ப்பாடு எழுகிறது. ‘பவர்’ என்பதற்கு யான் முதலில் எழுதிக்கொண்ட சொற்கள் வலி, வலிமை, ஆற்றல் என்பன. எந்திர நூலார் திறன் என்பர். முறுக்குவிசை என்பது வேறு. திறன் என்பது வேறு. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதே திறன். 360 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரவல்ல டீசல் எந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்திற்கு 1500 முறை சுழலும்போது அம்முழு விசையையும் தந்தால் அதன் திறன் ஏறத்தாழ 57 கிலோவாட். அதே விசையோடு 2300 முறை சுழன்றால் 87 கிலோவாட். விசை அதுவே, சுழற்சி மிகுந்தமையால் திறன் மிகுந்தது. அதே வேகத்தில் ஓடும் வண்டியில் எந்திரம் மிகுதியாகச் சுழல வேண்டுமாயின் கியர் கீழே இருக்க வேண்டும். பொத்தான் செய்வது இதுவே. எந்திரம் மிகுதியாகச் சுழலுந்தோறும் உள்ளுராய்வு மிகும். எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். வலிமை இலவசமாக வருவதில்லை.

இவ்வளவையும் நான்காம் நாள் மாலை எந்தையிடம் விரித்துரைத்தேன். திறன் என்றேன்; முறுக்குவிசை என்றேன்; கோள் சக்கரம் என்றேன். என் தமிழறிவெல்லாம் காட்டி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எந்தை பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை என்பதை அவர் கண்கள் கூறின. யான் சோர்ந்துபோனேன். பின்னர், ஒருவாறு நினைவு கூர்ந்து, “அப்பா, சிராடியில் சரக்கோடு ஏறும்போது என்ன செய்வீர்கள்?” என்றேன்.

“மூன்றாவதிலேயே வைத்திருப்பேன். வண்டி சத்தம் போட்டாலும் நான்காவதுக்குப் போக விடமாட்டேன். போனால் படுத்துவிடும்.”

“அந்தப் பொத்தான் செய்வது அவ்வளவுதான், அப்பா.”

எந்தை என்னையே பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார். பிறகு எழுந்து முற்றத்தில் இரண்டு முறை நடந்தார். “அப்படியானால் சமதரையிலும் நான்கு மாதமாய் மூன்றாவதிலேயே ஓட்டியது போல அல்லவா ஓட்டியிருக்கிறேன்! லாரியில் ஒரு கிளீனர் பையன் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேனே!” என்று வாய்விட்டு நகைத்தார். அவர் நகைத்து யான் அவ்விடுமுறையில் கண்டது அதுவே முதன்முறை. மூன்றிரவு யான் படித்தறிந்ததை அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கையால் அறிந்திருந்தார். இடையே நின்று மறித்தது ஓர் ஆங்கிலச் சொல்.

ஆயினும் சொல்லளவில் நின்றால் முதலாளி நம்புவாரோ? சோதித்துக் காட்டுவது என்று துணிந்தோம். டீசல் தொட்டியை வாய்வரை நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொள்வது. சில நாள் ஓட்டியபின் மீண்டும் வாய்வரை நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுப்பது. யான் கோடு போட்ட பழைய நோட்டு ஒன்றில் நாள், தொலைவு, லிட்டர், பொத்தானின் நிலை ஆகிய நான்கையும் எழுதும்படி செய்தேன். முதல் வாரம் பொத்தானை அழுத்தி ஓட்டினார். மறு வாரம் அழுத்தாது ஓட்டினார். இரு வாரமும் அதே ஓசூர்ச் சாலைதான். முதல் வாரத்தில் லிட்டருக்கு 9.8, இரண்டாம் வாரத்தில் 11.4. உறவினர் வண்டியின் 12-க்கு இன்னும் குறைவு. அதற்கும் காரணம் கண்டோம்: முதலாளி கடையிலிருந்து வெளிவரும்வரை குளிர்ச்சிக் கருவி இயங்க, வண்டி நின்ற இடத்திலேயே எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நின்ற வண்டி டீசலைக் குடிக்கும்; கிலோமீட்டரைக் காட்டாது. இதனையும் நோட்டில் எழுதினோம். எமக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் அது கணக்காகாது என்றார் எந்தை.

விடுமுறை முடியும் நாளில் எந்தை அந்நோட்டை முதலாளியிடம் நீட்டினார். யான் வாயிலில் நின்றேன். முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்தார். “அந்தப் பொத்தானை யார் அழுத்தச் சொன்னது?” என்றார். “யாரும் சொல்லவில்லை, முதலாளி. எனக்குத் தெரியவில்லை, கேட்காமல் விட்டது என் தப்பு,” என்றார் எந்தை. பிழையைத் தம் மேலேயே ஏற்றுக்கொண்ட அச்சொல்லைக் கேட்டு எனக்கு உள்ளம் கொதித்தது. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பித் தந்து, “இனி மாதா மாதம் இப்படியே எழுதி வை,” என்றார். அவ்வளவே. ஆயினும் வெளியே வந்த எந்தையின் நடை பழைய லாரிக்கால நடையாக இருந்தது. “எழுதி வை என்றால் நம்பிவிட்டார் என்று பொருள்,” என்றார் என்னிடம். அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டா என்பதை எந்த அகராதியும் கூறாது, எந்தை கூறினார், யான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை அஞ்செட்டி சென்றபோது நடந்ததை எந்தை தொலைபேசியில் விரிவாகக் கூறினார். இறங்கும்போது தண்டைக் கையால் மாற்றும் நிலைக்குக் கொணர்ந்து கீழ்க்கியரில் வைத்தாராம். பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே குறைந்ததாம். கியரில் இறங்கினால் டீசல் வீணாகும் என்று அவர் அஞ்சியதும் பொய்யச்சமே. இன்றைய எந்திரங்களில், மிதியை விட்டுக் கியரில் இறங்குங்கால் கணிப்பொறி டீசல் பாய்வதையே நிறுத்திவிடும்; சக்கரங்களே எந்திரத்தைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ எந்திரம் அணையாதிருக்கச் சிறிது டீசல் வேண்டும். ஆகவே உயிருக்கும் கேடு, மிச்சமும் இல்லை. திரும்பி ஏறும்போது மட்டும் பொத்தானை அழுத்தினாராம். 50 கிலோமீட்டர் வேகத்தில் 1500-இல் திணறிய முள் 2300-க்கு ஏறியதாம். “வண்டி சிராடி லாரி போலப் பாடியது, தம்பி,” என்றார். மேடு முடிந்ததும் மறவாது மீண்டும் அழுத்தி நீக்கினாராம்.

அன்பர்கள் பயன்கொள்ளும் பொருட்டு இரண்டொரு குறிப்பு. முழுப்பாரத்தோடு மலையேறும்போதும், இருவழிச் சாலையில் முன்செல்லும் லாரியைக் கடக்கும்போதும் இந்நிலை உதவும். நகர நெரிசலிலும் சமதரையிலும் வேண்டா. மழையில் வழுக்கும் சாலையிலும் வேண்டா. சிறு மிதிக்கும் எந்திரம் துள்ளுமாதலின் சக்கரம் வழுக்க இடமுண்டு. திடீரென விரைவு வேண்டின் பொத்தானைத் தேட வேண்டுவதில்லை. மிதியை அடிவரை அழுத்தினால் சாதாரண நிலையிலும் கியர் தானே இறங்கும். யானை நடமாடும் சாலையில் எந்திரத்தை உறுமவிடுதல் கூடவே கூடாது. ஒதுங்கி நின்று அமைதியாகக் காத்திருத்தலே எம்மூரார் கண்ட வழி. கிளச்சு மிதி இல்லாத வண்டிகள் யாவும் ஒரே வகையின என்றும் கருதற்க. 2014-இல் வந்த மாருதி செலிரியோவில் சாதாரணக் கியர்ப்பெட்டியையே எந்திரக் கை ஒன்று மாற்றியது. அதில் முறுக்கு மாற்றி இல்லை. ஓசூரில் செய்யப்படும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரிலோ கியர் மாற்றமே இல்லை. எனினும் ‘ஈக்கோ’, ‘ஸ்போர்ட்’ என்னும் நிலைகள் உண்டு. ஆங்குப் பொத்தான் மாற்றுவது மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அளவை. பெயர் ஒன்றாயினும் பொருள் வண்டிதோறும் வேறு. கைந்நூலைப் படித்தறிதலே நலம்.

நிற்க. திருக்குறளில் வலியறிதல் என்பது நாற்பத்தெட்டாம் அதிகாரம். அதனை அடுத்துக் காலமறிதல், அதன்பின் இடனறிதல். இவ்வைப்புமுறையை வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வலிமை உண்டு என்று அறிந்தால் மட்டும் போதாது, எப்போது, எங்கே என்பதும் அறிதல் வேண்டும் என்பதே அம்முறையின் கருத்து என்று எங்கள் ஆசிரியர் விளக்கியபோது குறிப்பெடுத்தேன், உணரவில்லை. அஞ்செட்டிச் சாலையில் கருகிய பிரேக்கின் நாற்றத்தோடு உணர்ந்தேன்.

தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று எம்மூரில் பலர் என்னை வினவுவதுண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளின் நிழலில் அவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. இப்போது என்னிடம் ஒரு சிறு விடை உண்டு. அவ்வண்டியின் கைந்நூலினின்று ஓட்டுபவர்க்கு வேண்டிய பகுதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் எந்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். “இந்தச் சொல் வேண்டாம், எங்களுக்குப் புரியாது,” என்று அவர் அடித்துவிடுகிறார். ‘முறுக்குவிசை’யை அடித்து ‘இழுவை’ என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பதினான்கு பக்கம் முடிந்துள்ளது. எம்மூர்க் கார் நிறுத்தத்தில் உள்ள ஓட்டுநர் இருவர் படி கேட்டிருப்பதாக நேற்று எந்தை கூறினார்.